மூக்கர் ஒட்டிய வால்

மூக்கருக்கு அந்தப் பெயர் மூக்கின் அளவைப் பார்த்து வந்ததல்ல. பார்வைக்கு அது சாதாரண மூக்குதான், கண்ணாடி வழுக்கி விழாமல் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு மேடு, அவ்வளவே. ஆனால் அது செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு கரண்டி டீயை உறிஞ்சிவிட்டு, அந்தக் கொழுந்து மலையின் எந்தப் பக்கம் முளைத்தது, பறித்த அன்று மழையா வெயிலா, மூட்டையைச் சுமந்தவர் சிகரெட் பிடிப்பவரா என்பது வரை சொல்லிவிடுவார். பறித்தவள் அன்று காலையில் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று ஒருமுறை சொன்னாராம். ஆள் அனுப்பி விசாரித்தால் சண்டை நடந்தது உண்மையாம். யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் டீயில் தெரியவில்லையாம். கம்பெனியில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மூக்கரும் மறுத்ததில்லை.

அவர் வேலை பார்த்தது ஒரு டீக் கம்பெனியின் சுவைக்கூடத்தில். மாடியில், வடக்கு வெளிச்சம் விழும் நீளமான அறை அது. மேஜைமேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னாலும் ஒரு தகர டப்பாவில் அந்த டீயின் தூள். வெந்நீர்க்காரர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடி போட்ட சின்னக் குவளைகளில் தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றுவார். மணல் கடிகாரம் வடிந்ததும் குவளையைக் கோப்பைக்குள் சாய்ப்பார். இலை குவளையிலேயே தங்கிவிடும், சாறு கோப்பைக்கு இறங்கும். அதன் பிறகுதான் மூக்கர் கரண்டியோடு கிளம்புவார். அவர் உறிஞ்சும் சத்தம் கீழே வாசலில் நிற்கும் காவல்காரருக்குக் கேட்கும். வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றி, மூக்கு வழியே காற்றை விட்டு, சக்கரம் வைத்த எச்சில் தொட்டியில் துப்பிவிட்டு, ஒரு சொல் சொல்வார். டீயை ஆயிரம் பேர் விற்கிறார்கள். இந்தக் கம்பெனி விற்றது அந்தச் சொல்லை.

அது ஆங்கிலச் சொல். வாங்குகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், அவர்களுக்குப் புரிய வேண்டுமே. மூக்கருக்கு ஆங்கிலம் பெரிதாக வராது. எடை போடும் ஆளாகச் சேர்ந்து, நாக்கின் திறமையால் மேலே வந்தவர். ஆனால் அந்த மொழியின் ஒரே ஒரு ரகசியத்தை அவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பொருளின் பெயரை எடுத்து அதன் பின்னால் ‘இ’ என்று ஒரு வால் ஒட்டினால் போதும், அந்தப் பெயர் குணமாக மாறிவிடும். ஸ்மோக் என்றால் புகை, ஸ்மோக்கி என்றால் புகை வாசம் உள்ளது. வுட் என்றால் மரம், வுடி என்றால் மரத்தின் மணம் கொண்டது. புல்லுக்கு கிராஸி, மண்ணுக்கு எர்த்தி, பருப்புக்கொட்டைக்கு நட்டி. மழைக்கு ரெய்னி, வெயிலுக்கு சன்னி என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் அது ஒரு தொழிற்சாலை என்று கண்டுபிடித்தவர் மூக்கர். நாம் ‘போன்ற’, ‘உள்ள’, ‘ஆன’ என்று பெயருக்கு முழு உடுப்பும் தைத்துப் போட வேண்டியிருக்கிறது. அவர்களோ ஒரு கோவணத்தைக் கட்டிவிட்டுச் சபைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கண்டுபிடித்த ஜோரில் வீட்டிலும் ஒட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு டிரம்மி என்றார். மாடிப்படி எலும்பி என்றார், ஏறினால் எலும்பு வலிக்கிறதாம்.

“உங்க தலைக்குள்ள இருக்கறதுக்கும் ஒரு வால் ஒட்டுங்களேன்,” என்றாள் மனைவி.

“என்ன இருக்கு?”

“காத்து.”

“விண்டி,” என்றார் மூக்கர், கொஞ்சமும் அசராமல்.

அந்த வாலில் வேறொரு சௌகரியமும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெயரைச் சொன்னால் மாட்டிக்கொள்ளலாம். ‘இந்த மூட்டையில் புகை ஏறியிருக்கிறது’ என்றால், எந்தப் புகை, யார் அடுப்பு என்று ஒருவன் கேட்பான். ‘ஸ்மோக்கி’ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், தலையை ஆட்டுவார்கள். தீ என்று கத்தினால் ஊரே தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். தீ மாதிரி இருக்கிறது என்றால் உட்கார்ந்து ரசிப்பார்கள்.

சுவைக்கூடத்தில் இரண்டாவது கரண்டி அவருடைய கொழுந்தியாளுடையது, அதாவது மனைவியின் தங்கை. வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள், அப்படியே கம்பெனியிலும் ஆகிவிட்டது. ரசாயனம் படித்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்காள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் மூக்கர்தான், அதில் அவருக்கு ஒரு பெருமை. அவளுக்கு வால் பிடிக்காது. உறிஞ்சுவாள், துப்புவாள், ‘ஈரச் சாக்கு’ என்பாள்.

“சாக்குன்னு சொன்னா எவன்மா வாங்குவான்? எர்த்தின்னு சொல்லு.”

“சாக்குதான் அத்தான். மண்ணு வேற, சாக்கு வேற.”

“ரெண்டும் கீழதானே கிடக்கு.”

வெந்நீர்க்காரர் கெட்டிலுக்குப் பின்னால் நின்று சிரிப்பார். சின்னவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் கொண்டுவந்தது என்று தெரியாது, கம்பெனியைவிடப் பழையது என்பார்கள். மூத்தவர் சொல்லும் சொல்தான் வெளியே போகும். இளையவர் எதிர்த்துப் பேசக்கூடாது. ஆனால் சொல் தப்பு என்று மனதில் பட்டால், தன் கோப்பையில் மிச்சமிருக்கும் டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கோப்பையை மேஜைமேல் கவிழ்த்து வைக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது. கவிழ்ந்த கோப்பை ஒன்று மேஜையில் இருந்தால் அந்த டீ அன்றைக்கு அறையை விட்டு நகராது. மறுநாள் காலையில் மேனேஜரே வந்து உட்காருவார். கோப்பைகளைக் கலைத்து, வரிசை மாற்றி வைத்து, எது எது என்று இரண்டு பேரையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்வார்.

சின்னவள் அப்படிக் கவிழ்த்தது மிகவும் அபூர்வம். கவிழ்த்தபோதெல்லாம் மூக்கர் மறுநாள் மீசையைத் தடவிக்கொண்டு வந்து, கலைத்து வைத்த வரிசையைப் பாட்டு மாதிரி சொல்லிவிடுவார். பாதி நேரம் அவர் சரி, பாதி நேரம் அவள் சரி. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பிறகு மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்தார். எழுந்த அன்று மனைவி காபி கொடுத்தாள். குடித்தார். இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. காபி தெரியவில்லை. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்பாகத்தான் இருந்தது. சோப்பை எடுத்து முகர்ந்தார், கல் மாதிரி இருந்தது. வெங்காயத்தை நறுக்கினார், கண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. செருப்பை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனபோது மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

“என்னங்க பண்றீங்க?”

“தோல் உரியுதான்னு பார்க்கறேன்.”

இரண்டொரு நாளில் திரும்பிவிடும் என்று இருந்தார். திரும்பவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்கு வரும், சிலருக்கு வராது, காத்திருங்கள் என்றார். மூக்கு போன மூக்கர். வெளியில் தெரிந்தால் காவல்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

கண் இருந்தது. சாறு செம்பு நிறமா, மங்கலா என்று பார்த்தால் பாதி தெரியும். வெந்த இலையைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம். நாக்கில் துவர்ப்பு பட்டது. மீதிக்கு வால் இருந்தது. ஜன்னலைப் பார்த்து ஒரு பெயரை எடுப்பார், வாலை ஒட்டுவார். எதிர் மாடியில் மெத்தை காயப் போட்டிருந்தால் அன்றைய டீ காட்டனி. தெருவில் பழ வண்டி போனால் ஃப்ரூட்டி. நம்பினால் நம்புங்கள், அந்த மாதங்களில்தான் அவரைப் பாராட்டிக் கடிதங்கள் அதிகமாக வந்தன. கற்பனை வளமாக இருக்கிறது என்று கடலுக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டார்கள். மேனேஜர் அதையெல்லாம் வாசித்துக் காட்டும்போது மூக்கருக்குக் காதுமடல் எரியும். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் மனைவி என்ன சமைத்தாலும், வெண்ணெய்க்கு வால் ஒட்டி, “அடடா, பட்டரி,” என்பார். அவள் முகம் மலரும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த லோடு வந்தது. பெரிய லோடு, அவசரமாகக் கப்பல் ஏற வேண்டியது. வெந்நீர்க்காரர் ஊற்றினார், சாய்த்தார். மூக்கர் உறிஞ்சினார். நிறம் நன்றாக இருந்தது, துவர்ப்பு அளவாக இருந்தது. மேஜையின் மரத்தைப் பார்த்தார்.

“வுடி,” என்றார். “பழைய மரப்பெட்டியைத் திறந்தா வருமே, அந்த மாதிரி. அருமையான சரக்கு.”

சின்னவள் உறிஞ்சினாள். முகம் சுளித்தாள். மறுபடி உறிஞ்சினாள். பிறகு மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

மூக்கர் அந்தக் கோப்பையையே பார்த்தார். கவிழ்ந்த கோப்பை என்றால் நாளைக் காலை மேனேஜர், கலைத்து வைத்த வரிசை, தனித்தனியாகப் பதில். அந்த வரிசைக்கு முன்னால் தான் எப்படி நிற்போம் என்று ஒரு கணம் கண்ணுக்குள் வந்தது. எல்லாம் ஒரே வெந்நீர்.

யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. கை தானாக நீண்டது. கவிழ்ந்த கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தது.

“பாவம், கோப்பைக்கு மயக்கம் வந்துடுச்சு,” என்றார். “எழுப்பி உட்கார வச்சிருக்கேன்.”

வெந்நீர்க்காரர் சிரித்துவிட்டார். பழக்க தோஷம். சின்னவள் சிரிக்கவில்லை. இன்னொருவர் கவிழ்த்த கோப்பையை நிமிர்த்துவது அந்த அறையில் யாரும் செய்யாத காரியம். அதற்குத் தடை என்றுகூட ஒன்று கிடையாது, அப்படி ஒருவர் செய்வார் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

“அத்தான், அது பெயிண்ட்,” என்றாள் தணிந்த குரலில். “எங்கேயோ புதுசா பெயிண்ட் அடிச்ச ரூம்ல வச்சிருக்காங்க.”

“வார்னிஷ் மரத்துலதானேம்மா இருக்கும். அதான் வுடி.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு அவசரம், அத்தான் மூத்தவர், அத்தானுக்கு ஏதாவது தெரிந்திருக்கும். அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கோப்பையை மறுபடி கவிழ்க்கவில்லை.

லோடு கப்பல் ஏறியது. கடலைத் தாண்டியது. தாண்டிய வேகத்தில் திரும்பி வந்தது. உங்கள் டீயைக் குடித்தால் புது வீட்டுச் சுவரை நக்கியது மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். டீத்தூளுக்கு அப்படி ஒரு குணம், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தோட்டத்துக் கிடங்கு ஒன்றில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூட்டை மூட்டையாக இழுத்திருந்தது.

மேனேஜர் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடுகிறவர் அல்ல அவர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியற வாடை. உங்க ரெண்டு பேர்ல யாரும் கோப்பையைக் கவிழ்க்கலையா?”

பதில் சொல்ல வேண்டியவர் அத்தான். அவர் சொல்வார் என்று சின்னவள் காத்திருந்தாள்.

மூக்கர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒட்ட ஒன்றுமில்லை, வெறும் வானம்.

“நான் பார்க்கும்போது மேஜையில எல்லாக் கோப்பையும் நிமிர்ந்துதான் இருந்துச்சு சார்,” என்றார்.

அது பொய்கூட இல்லை பாருங்கள். அவர் கையாலேயே நிமிர்ந்த கோப்பை. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் ஒரு மாதிரி போயிருக்கும். பயந்தவன் வாய் நிற்காது.

“எனக்கு அன்னிக்குக் கொஞ்சம் ஜலதோஷம். இவ நாக்கை நம்பி விட்டுட்டேன்.”

சின்னவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தெரியாத ஊரில் வழி தவறியவர்கள் பார்ப்பார்களே, அப்படி. மேனேஜர், “அப்படியாம்மா?” என்று கேட்டார். அக்காள் புருஷனை அயலார் முன்னால் பொய்யர் ஆக்க அவளுக்கு வாய் வரவில்லை. தரையைப் பார்த்தாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் அவர்.

மறுநாளிலிருந்து சின்னவளுக்குக் கீழே பொட்டலக் கூடத்தில் வேலை. பாக்கெட்டுகளில் லேபிள் ஒட்டுவது. லேபிளில் மூக்கரின் சொற்கள் அச்சடித்திருந்தன. நட்டி, ஃப்ரூட்டி, காட்டனி. மூலை தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். ரசாயனம் படித்த விரல்.

மேலே மூக்கரும் வெந்நீர்க்காரரும் மட்டும். வெந்நீர்க்காரர் முன்போல் பேசுவதில்லை. ஒருநாள் குவளை கழுவிக்கொண்டே, “அண்ணே, நானும் அன்னிக்குச் சிரிச்சுட்டேன் இல்ல,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூக்கருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். மனைவி தங்கை மேல்தான் கோபப்பட்டாள். “உன்னை நம்பி வேலையில சேர்த்தாரே, அவர் பேரைக் கெடுத்துட்டியேடி,” என்று ஆரம்பித்து, சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிவிட்டாள். மூக்கர் பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. சின்னவள் மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து உள்படி வழியே அவள் இறங்குவதில்லை. வெளிப்படி வழியாகவே போனாள், வந்தாள். காலையில் அந்த இரும்புப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், மூக்கர் சவரம் செய்துகொண்டிருக்கும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துவிடுவார். தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசியது.

சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு மூக்கு திரும்பிவிடும் என்று தோன்றும். திரும்பிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது, மெல்ல அவளை மேலே கூட்டிக்கொள்ளலாம். இப்படி ஒரு கணக்கு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சோப்பை முகர்ந்து பார்ப்பார். கல்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மூக்கர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அடியில் தீய்ந்த வாடை வந்தது. அதற்குப் பிறகு கேஸ் வந்தது. சமையலறை நிறைந்து, கூடம் நிறைந்து, மூக்கரையும் சுற்றிக்கொண்டது. அவர் சாவகாசமாக எழுந்து உள்ளே போனார். அட, அடுப்பு அணைந்திருக்கிறதே என்று லைட்டரைக் கையில் எடுத்தார்.

உள்படியில் யாரோ உருண்டு வருவது மாதிரி சத்தம். சின்னவள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், தோளில் ஈரத் துண்டோடு ஓடி வந்தாள். அவர் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்கினாள், திருகை மூடினாள், ஜன்னல்களை எல்லாம் திறந்தாள், அவரைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

“தெரியலையா அத்தான் உங்களுக்கு?”

“என்னது?”

“வீடு முழுக்க கேஸ். மாடி வரைக்கும் வருது.”

“ஆமா, அதான் பார்த்தேன்,” என்றார் மூக்கர். “லேசா ஒரு மாதிரி கேஸ்ஸியா...”

சாகக் கிடந்த நேரத்திலும் வாயில் வந்தது வால்தான்.

சின்னவள் அவரை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தது.

“கண்ணை மூடுங்க,” என்றாள்.

“எதுக்கும்மா?”

“மூடுங்க அத்தான்.”

மூடினார், அடிக்குப் பயந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அவள் கை மூக்கருகில் வந்தது, விரல் மீசையில் பட்டது. “இது என்ன வாசனை?”

மூக்கர் இழுத்தார். ஒன்றுமில்லை. அடுப்பங்கரையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். மேடையில் வெங்காயம் கிடந்தது.

“வெங்காயம். கொஞ்சம் ஸ்வீட்டி...”

“கையில ஒண்ணுமே இல்ல அத்தான்.”

கண்ணைத் திறந்தார். விரித்த உள்ளங்கை, சோப்பு நுரையில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எப்போலேர்ந்து?”

“அந்தக் காய்ச்சல்லேர்ந்து.”

“அப்போ அந்த லோடு வந்தப்போ?”

மூக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, ஒரு மாதிரி குழப்பமா இருந்துச்சு. கொஞ்சம் தடுமாற்றம் மாதிரி. அவசரத்துல ஒரு கவனக்குறைவான...”

“வாலை வெட்டிட்டுச் சொல்லுங்க.”

அவள் குரல் உயரவில்லை. சுவைக்கூடத்தில் ‘ஈரச் சாக்கு’ என்று சொல்வாளே, அதே குரல். மூக்கர் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

“பயம்,” என்றார்.

“அப்புறம்?”

“பொய்.”

“அப்புறம்?”

அடுத்த சொல் வெளியே வர நேரம் பிடித்தது. “துரோகம்,” என்றார். அவருக்கே கேட்காத குரலில் சொன்னார். ஆனால் இரண்டு பேருக்குக் கேட்டது. பின்வாசல் கதவருகில் மனைவி பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு அவள்தான் சொன்னாள். “காய்ச்சலுக்கு அப்புறம் மனுஷன் திருந்திட்டார்னு நினைச்சேன். எதைப் போட்டாலும் நல்லாயிருக்குன்னாரே. ரெண்டு தடவை பருப்பைக் கருக்கிட்டேன், அதுக்கும் பட்டரின்னார். என் மேல பிரியம்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் இவளை என்னெல்லாம் பேசினேன் தெரியுமா உங்களுக்கு? தெரியும். பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க.”

மூக்கருக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. தரை அசையவில்லை. தரைக்கு வேறு வேலை இருந்தது, தீய்ந்த பால் வழிந்து அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் தோளிலிருந்த துண்டை எடுத்துத் துடைக்கக் குனிந்தாள். அக்காள் அதைப் பிடுங்கிக்கொண்டு தானே துடைத்தாள். துடைக்கும்போது இரண்டு பேரும் அழுதார்கள். மூக்கர் அங்கே நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் சுவைக்கூடத்தில் மேனேஜர் இருந்தார். புதுத் தோட்டத்துச் சரக்கு, அதனால் நேரில் வந்திருந்தார். வெந்நீர்க்காரர் ஊற்றினார், சாய்த்தார், வரிசை தயார். மூக்கர் கரண்டியை எடுக்கவில்லை. முதல் கோப்பையை எடுத்து டீயைத் தொட்டியில் ஊற்றி, கவிழ்த்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் கவிழ்த்தார். ஒன்றையும் விடவில்லை. வெந்நீர்க்காரர் கெட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். மூத்தவரே கவிழ்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறைக்குத் தெரியாது, அப்படி நடந்ததே இல்லை.

“என்ன இது?” என்றார் மேனேஜர்.

“எனக்கு மூக்கு போயிடுச்சு சார். காய்ச்சல்ல போனது, திரும்பல. அந்த லோடை நான் முகர்ந்து சொல்லல. அவ பெயிண்டுன்னு சொன்னா. கோப்பையைக் கவிழ்த்தா. நான்தான் நிமிர்த்தி வச்சேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். அவமேல பழி போட்டேன்.”

வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் அந்த வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு ‘மாதிரி’யோ ‘கொஞ்ச’மோ ஒட்டிக்கொண்டு வரும், பிய்த்துப் போடுவார். தெரு முனைக்குள் மறுபடி முளைத்திருக்கும்.

மேனேஜர் கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்தார். “நானும் சிரிச்சேன் சார்,” என்றார் வெந்நீர்க்காரர், கேட்காமலே. மேனேஜர் அவரைக் கை காட்டி நிறுத்தினார்.

“அப்போ இத்தனை நாளா எதை வச்சுச் சொன்னீங்க?”

“கண்ணை வச்சு.”

“அந்த காட்டனி?”

“எதிர் மாடியில மெத்தை காய்ஞ்சுது சார்.”

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தையா என்று தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் மூக்கருக்குத் தேவலை. திட்டியிருந்தால் இன்னும் தேவலை. அவர், “வெளியில சொல்லிக்கவும் முடியாது, நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, சின்னவளைக் கூட்டி வர ஆள் அனுப்பினார்.

அவள் வந்தாள், விரல் நுனிகளில் பசையோடு. மேனேஜர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள், வெந்நீர்க்காரரைப் பார்த்து, “மறுபடி ஊத்துங்கண்ணே,” என்றாள். மூக்கர் தன் கரண்டியை மேஜைமேல் வைத்தார். அவள் அதை எடுத்து, அதன் பக்கத்தில் கிடந்த துணியால் துடைத்து, அவர் பெட்டியிலேயே பத்திரமாக வைத்து மூடினாள். “வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க அத்தான்,” என்றாள். மூக்கருக்குச் சொல்ல வரவில்லை, அப்படியே இறங்கிப் போனார்.

பொட்டலக் கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மூக்கரை அங்கே போட்டார்கள். ஓய்வு பெறும்வரை இருந்துகொள்ளலாம் என்று சொன்னது மேனேஜரின் பெரிய மனசு. அச்சடித்த லேபிள்கள் தீராமல் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஃப்ரூட்டி, காட்டனி, நட்டி. மூலை தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் தன் வாலைத் தானே தடவிக்கொடுப்பதுபோல் இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நாள் மூக்கர் என்றே கூப்பிட்டார்கள். பிறகு எப்படியோ அது வால்காரர் என்று மாறிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், கூப்பிட்ட பெயருக்கு மறுப்பில்லாமல்.

சின்னவள் இப்போது உள்படி வழியே இறங்கி வருகிறாள். அக்காளோடு உட்கார்ந்து காபி குடிக்கிறாள். எதிரே வந்தால், “அத்தான், சாப்பிட்டாச்சா?” என்று பழையபடி கேட்கிறாள். பழையபடி கேட்பதுதான் அவரால் தாங்க முடியாதது. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

மாடியிலிருந்து வரும் புதுச் சரக்கின் லேபிள்கள் வேறு மாதிரி அச்சாகி வந்தன. மலை, மழைக்காலம், இவ்வளவு நேரம் ஊறவிடவும் என்று வெறும் பெயர்கள். வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்களாம், பிறகு பழகிவிட்டார்களாம்.

ஒருநாள் சாயங்காலம் வெந்நீர்க்காரர் ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். சின்னவள் தேர்ந்த முதல் லோடில் எடுத்தது. கூடத்தில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூக்கர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். சத்தமில்லாமல் குடித்தார். துப்பவில்லை.

“எப்படி இருக்குண்ணே?” என்றார் வெந்நீர்க்காரர். கேலி இல்லை அதில், பழக்கம்தான்.

மூக்கர் யோசித்தார். ஜன்னல் பக்கம் கண் போனது. இழுத்துப் பிடித்து, கோப்பைக்குள்ளேயே பார்த்தார்.

“சூடு,” என்றார்.